செம்புக்கழுத்தன் இருக்கும் இடம்

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்கும் பதில் இல்லை. போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. சலவைக்கூடத்து எண்ணுக்கு அடித்தால், "மேடம் துணி எண்ணிக்கிட்டு இருக்காங்க" என்று ஒரு பெண் சொல்கிறாள். காலையில் கேட்டாலும் துணி, மாலையில் கேட்டாலும் துணி. உங்கள் ஆஸ்பத்திரியில் அத்தனை நோயாளிகளா என்று எனக்கே கவலையாகிவிட்டது.

அண்ணனுடைய களக் குறிப்பேடுகள் நான்கு உங்களிடம் இருக்கின்றன. அவை எனக்கு வேண்டும். நிழல்தும்பிப் பேரினத்தைப் பற்றி அண்ணனும் நானும் எழுதத் தொடங்கிய புத்தகத்தை நான் தனியாக முடித்துக்கொண்டிருக்கிறேன். மே மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. ஒன்பது இனங்கள். எந்த இனம் எங்கே வாழ்கிறது என்பதுதான் புத்தகமே. ஒன்று அருவிச் சாரல் படும் பாறையில், ஒன்று மரப்பொந்தில் தேங்கும் நீரில், ஒன்று சதுப்பில் என எட்டுக்கும் இடம் குறித்தாகிவிட்டது. ஒன்பதாவதான செம்புக்கழுத்தனை மேல் ஓடையில் கிடைத்த ஒரே ஒரு ஆண்பூச்சியை வைத்துத்தான் உலகத்துக்குத் தெரியும். பதினான்கு ஆண்டுகளாக அதை யாரும் மறுபடி பார்க்கவில்லை. "அற்றுப்போனதாகக் கருதலாம்" என்று எழுதப்போகிறேன். அதற்கு முன் அண்ணன் அதைத் தேடிப் போன பதினோரு பயணங்களின் குறிப்பையும் பார்த்துவிட வேண்டும். எழுதுகிற கை நியாயமாக எழுத வேண்டும் அல்லவா.

அவை உங்களுக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அவருடைய பூச்சிகளில் உங்களுக்கு இருந்த அக்கறை ஊருக்கே தெரியும். கடைசிப் பயணத்தன்று பாறையில் கயிறு பிடிக்கத் துணைக்கு வரச் சொல்லிக் கேட்டாராம். நீங்கள் மாட்டேன் என்றீர்களாம். அவரே கிளம்புமுன் எனக்குப் போனில் சொன்னார். நான்கு வருடமாக இதை வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

குறிப்பேடுகளைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூடவே கடிதம் எழுதத் தேவையில்லை.

இப்படிக்கு,
நாத்தனார்


பிப்ரவரி 13

அருங்காட்சியகத்துப் பூச்சி அறைப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

கடிதம் வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதனாலேயே எழுதுகிறேன். போனில் பேசினால் நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பீர்கள். எழுதியது இருந்தால்தானே உங்களுக்குச் சாட்சி.

குறிப்பேடுகள் பத்திரமாக இருக்கின்றன. இரும்பு அலமாரியில், தையல் விட்ட போர்வைகளுக்கு அடியில். கரையான் அண்டாமல் மாதம் ஒரு தடவை எடுத்து வெயிலில் வைக்கிறேன். அக்கறை இல்லாதவள் செய்கிற வேலைதான்.

என் அக்கறையைப் பற்றி ஊருக்குத் தெரியும் என்கிறீர்கள். உங்கள் அண்ணன் பிடித்த ஒவ்வொரு தட்டானும் என் கையால் தைத்த வலையில் விழுந்தது என்பதும் அந்த ஊருக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரியில் கழித்துக்கட்டிய கொசுவலையில் நல்ல பக்கமாகப் பார்த்து வெட்டி, இறக்கை கிழியாமல் இருக்க உள்தையல் போட்டு, பதினேழு வலைகள் தைத்திருக்கிறேன். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி என்பார்கள். உங்கள் வீட்டில் மாமியார் இல்லாத குறையை நீங்களே தீர்த்துவைத்தீர்கள்.

கடைசிப் பயணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் இருக்கிறது. இப்போது தரமாட்டேன்.

இப்போதைக்கு வேறு ஒரு சமாசாரம். ஒன்பது பேருக்கும் வீடு ஒதுக்கும் அதிகாரி மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள், அதிலே ஒருவன் செத்துப்போனான் என்று சீட்டையும் கிழிக்கப் போகிறீர்கள். அவன் சாகவில்லை. சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறான். போன மேயில் பார்த்தேன், அதற்கு முந்தின மேயிலும் பார்த்தேன். கழுத்தில் செம்புக் கம்பியைச் சுற்றின மாதிரி இருப்பானே, அவனேதான்.

அந்தக் கால்வாய் மேல் சிமெண்ட் பலகை போட்டு மூடப்போகிறார்கள். ஆம்புலன்ஸ் நிறுத்த இடம் போதவில்லையாம். ஏப்ரல் இருபதாம் தேதி வேலை தொடங்குகிறது. கட்டடப் பொறியாளரிடம் போய் நின்றேன். பொறுமையாகத்தான் கேட்டார். "தட்டான் இருக்குன்னு நீங்க சொன்னா நான் ஃபைல்ல என்னன்னு எழுதறது? மியூசியத்துல இருந்து ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்கம்மா, பாய்லர் பக்கத்தை விட்டுட்டு மூடறோம்" என்றார்.

மியூசியம் என்றால் நீங்கள். எனக்கு அந்தக் கடிதம் வேண்டும். உங்களுக்கு நான்கு குறிப்பேடுகள் வேண்டும். கடிதம் வரட்டும், குறிப்பேடு வரும்.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

நீங்கள் எழுதியதற்குப் பெயர் பேரம். நேராகச் சொல்லிவிடுகிறேன், அது நடக்காது.

சலவைக்கூடத்துச் சாக்கடையில் நிழல்தும்பியா? இந்தப் பேரினத்தில் ஒரு இனம்கூட நிழலும் குளிர்ந்த நீரும் இல்லாத இடத்தில் வாழ்ந்ததில்லை. பெயரிலேயே நிழல் இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் அது முட்டையிடும் என்று நான் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டால், இருபத்தாறு வருட வேலையைத் தூக்கி அதே சாக்கடையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

நீங்கள் பார்த்தது சாதாரணத் தட்டான். வெயிலில் நின்றால் பத்துத் தட்டானில் மூன்றுக்குக் கழுத்து செம்பாகத்தான் மின்னும். வித்தியாசம் தெரிய உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும், இறக்கை நரம்பை எண்ண வேண்டும். போர்வை எண்ணுகிற கணக்கு இங்கே செல்லாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

பதிவேட்டில் தெளிவாக இருக்கிறது. செம்புக்கழுத்தன், ஆண், ஒன்று. மேல் ஓடை, அருவிக்குக் கீழே. பிடித்தவர் அண்ணன். அந்தப் பதிவை நம்பித்தான் அவர் பத்து வருடத்தில் பதினோரு தடவை அங்கே ஏறினார். அதை நம்பித்தான் வழுக்குப் பாறையில் கால் வைத்தார். அவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே.

குறிப்பேடுகளை மார்ச் பத்துக்குள் அனுப்பாவிட்டால் அருங்காட்சியக அலுவலகம் மூலமாகக் கடிதம் வரும். அதில் அண்ணி என்று போட்டிருக்காது.

நாத்தனார்


மார்ச் 3

பொறுப்பாளர் அவர்களுக்கு,

கழுதை என்று எழுதியதைப் படித்துச் சிரித்தேன். சலவைக்கூடத்துக்குக் கழுதை பொருத்தம்தானே. எங்கள் பெண்களிடம் வாசித்துக் காட்டினேன், இரண்டு நாளாக அவர்களும் சிரிக்கிறார்கள்.

முதலில் சாக்கடை. சோப்புத் தண்ணீர் போவது தெருப்பக்கத்துக் குழாயில். பின்பக்கக் கால்வாய் வேறு. பாறைக்கு அடியில் ஒரு ஊற்று கசிகிறது, அதோடு பாய்லரிலிருந்து ஒழுகும் சுத்தமான வெந்நீர் சேர்ந்து வெதுவெதுப்பாக ஓடுகிறது. பாசியும் நாணலும் உண்டு. உங்கள் நிழலும் உண்டு, பாய்லர் அறைச் சுவர் பகல் இரண்டு மணி வரைக்கும் நிழல் தருகிறது. எந்தக் கால்வாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீங்கள் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை.

அடுத்தது, அவர் இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே என்பது. நன்றாக உட்கார்ந்து படியுங்கள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு மே மாதம். நீர்வளத் துறை அளவை வேலைக்காக உங்கள் அண்ணன் மேல் ஓடைப் பக்கம் ஆறு வாரம் கூடாரம் போட்டிருந்தார். அங்கே பிடித்த தட்டான்களைக் காகிதப் பொட்டலமாக மடித்து ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். நான் மொத்தமாகக் கட்டி உங்களுக்குத் தபாலில் போடுவேன். அந்தத் தடவை பதினொன்று வந்தது. நீங்கள் வாங்கியது பன்னிரண்டு.

பன்னிரண்டாவது என்னுடையது. இரவுப் பணி முடிந்து காலை ஆறு பத்துக்குப் பின்கதவைத் திறந்தேன். குழாய் மேல் உட்கார்ந்திருந்தான். அப்படிக் கழுத்து உள்ள ஒருத்தனை அவர் பெட்டிகளில் நான் பார்த்ததே இல்லை. தைத்து முடித்து மாட்டியிருந்த வலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரே வீச்சு. பொட்டலம் மடிக்க வேறு காகிதம் இல்லை, போர்வை எண்ணும் ரோஸ் நிறச் சீட்டில் மடித்து, இடம் எழுதி, நேரம் எழுதி, பதினொன்றோடு சேர்த்து அனுப்பினேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று கையெழுத்தைக்கூடப் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து நீங்கள் இருவரும் புது இனம் என்று கட்டுரை போட்டீர்கள். மேல் ஓடை என்று இருந்தது. "இது நான் பிடிச்சதுங்க, நம்ம சலவைக்கூடத்துப் பின்னாடி" என்றேன். அவர் கட்டுரையில் படமாகப் போட்டிருந்த உங்கள் லேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேல் ஓடைன்னு போட்டிருக்கே. அவசரத்துல நான்தான் பிடிச்சிருப்பேன். நீ பிடிச்சது வேற எதாவது இருக்கும். பாப்பா எழுதினா தப்பா இருக்காது" என்றார்.

நான் பேசினேன். உங்கள் லேபிளும் பேசியது. அவர் லேபிளை நம்பினார். என் கண்ணால் அவர் ஒரு தட்டானைக்கூடப் பார்த்ததில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ரோஷம்தான், வேறென்ன.

இப்போது நீங்கள் கேட்டதற்குப் பதில். பதினோராவது தடவை கயிறு பிடிக்க ஏன் போகவில்லை? இல்லாத இடத்தில் தேடுவதற்கு நான் எதற்கு என்று போகவில்லை.

நீங்கள் காகிதம் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. பழைய பொட்டலக் காகிதங்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பீர்கள், பச்சை மூடி. ரோஸ் நிறச் சீட்டு ஒன்று அதில் இருக்கும். மேல் ஓடைக்குப் போர்வைச் சீட்டை யார் கொண்டுபோனார்கள் என்று அதைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

அண்ணி


மார்ச் 12

அண்ணிக்கு,

அந்த டப்பா இல்லை. அறைக்கு வெள்ளையடித்த வருடம் பழைய காகிதங்களை எல்லாம் கழித்துவிட்டோம்.

செத்துப்போனவர் வாயில் வார்த்தையைப் போடுவது சுலபம். அவர் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதையாக, கூடப் போகாததை இப்படி ஒரு கதை கட்டி மூடப்பார்க்கிறீர்கள். அதில் பழியை என் தலையில் இறக்கிவைக்க வேறு பார்க்கிறீர்கள்.

அறிவியலில் கதைக்கு இடம் இல்லை. மாதிரிக்குத்தான் இடம். செம்புக்கழுத்தன் உங்கள் கொல்லையில் இருக்கிறது என்றால் ஒன்றைப் பிடித்து அனுப்புங்கள். வந்தால் மறுநாளே கடிதம் எழுதுகிறேன். வராவிட்டால் இந்தப் பேச்சை இத்தோடு விடுங்கள்.

நாத்தனார்


மார்ச் 19

பொறுப்பாளர் அவர்களுக்கு,

மே முதல் வாரத்துக்கு முன்னால் ஒரு செம்புக்கழுத்தன்கூடத் தண்ணீரை விட்டு மேலே வராது. ஏப்ரல் இருபதில் பலகை விழுகிறது. இரண்டும் தெரிந்துதான் பிடித்து அனுப்பச் சொல்கிறீர்கள். படித்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதை நான் மறுக்கவே இல்லை.

தட்டான் இல்லை, அதன் சட்டை இருக்கிறது. இந்தத் தீப்பெட்டியில் மூன்று வைத்திருக்கிறேன், பஞ்சு சுற்றி. போன மேயில் பாய்லர் அறைச் சுவரிலிருந்து எடுத்தவை. தண்ணீருக்குள் இருக்கும் குஞ்சு விடிகிற நேரத்தில் சுவரில் ஒரு சாண் ஏறி நிற்கும். முதுகு பிளக்கும். உள்ளே இருந்து வருகிறவன் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி கசங்கி இருப்பான். ஒரு மணி நேரத்தில் இறக்கை இஸ்திரி போட்ட மாதிரி ஆகிவிடும். பறந்துவிடுவான். சட்டை அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நான் அதைப் பதினான்கு மே மாதங்கள் பார்த்திருக்கிறேன். நீங்கள் எத்தனை பார்த்திருக்கிறீர்கள்? ஊசி குத்தாத நிழல்தும்பி ஒன்றை வாழ்க்கையில் ஒரு தடவையாவது பார்த்ததுண்டா? உங்கள் அண்ணன் சொல்லித்தான் கேட்கிறேன். பாப்பாவுக்கு அட்டைப்பூச்சி பயம், காட்டுக்கே வரமாட்டாள் என்பார்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. சட்டையைப் பாருங்கள்.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணி,

தீப்பெட்டி வந்து பதினைந்து நாள் ஆகிறது. இந்தப் பதினைந்து நாளில் இந்தக் கடிதத்தை ஆறு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் நான்கில் உங்களைத் திட்டியிருந்தேன்.

செம்புக்கழுத்தனின் சட்டையை யாரும் பார்த்ததில்லை, அதனால் ஒப்பிட முடியாது என்று முதலில் எழுதினேன். சட்டப்படி அது சரி. ஆனால் நிழல்தும்பிகள் எல்லாவற்றுக்கும் வயிற்றின் கடைசி வளையத்தில் இரண்டு முள் உண்டு. வேறு எந்தத் தும்பிக்கும் கிடையாது. நீங்கள் அனுப்பிய மூன்றிலும் இரண்டு முள் இருக்கிறது. மற்ற எட்டு இனங்களின் சட்டைகளும் என்னிடம் இருக்கின்றன. இது அந்த எட்டில் எதுவும் இல்லை.

அதற்குப் பிறகும் நான்கு நாள் அலமாரிப் பக்கம் போகவில்லை. அறைக்கு வெள்ளையடித்தது உண்மை. டப்பாவைத் தூக்கிப் போட்டோம் என்பது பொய். பச்சை மூடி போட்ட டப்பா மூன்றாவது தட்டில், நீங்கள் சொன்ன மாதிரியே இருந்தது.

ரோஸ் சீட்டும் இருந்தது. ஒரு பக்கம் போர்வை, தலையணை உறை, திரைச்சீலை என்று அச்சடித்திருக்கிறது. மறுபக்கம் உங்கள் கையெழுத்து. "சலவைக்கூடம், பின்பக்கக் கால்வாய், குழாய் மேல். காலை 6.10. பிடித்தது நான்." அந்த முதல் வரியைச் சிவப்பு மையில் அடித்து, அதற்கு மேலே "மேல் ஓடை, அருவிக்குக் கீழே" என்று எழுதியிருக்கிறது. கடைசி வரியை அடித்துவிட்டு அண்ணன் பெயர். அடித்த கை என்னுடையது. அதை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. மறந்ததாக வைத்துக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று எழுதுகிறேன், சாக்கு என்று நினைத்தாலும் சரி. பதினொரு பொட்டலத்தில் மேல் ஓடை என்று அண்ணன் கையெழுத்து. பன்னிரண்டாவதில் சலவைக்கூடம் என்று உங்கள் கையெழுத்து. பூச்சியோ நிழல்தும்பி. வீட்டில் ஒரு பொட்டலம் அவிழ்ந்து கொட்டியிருக்கும், அண்ணி கையில் கிடைத்த சீட்டில் மறுபடி மடித்து, மடித்த இடத்தை எழுதிவிட்டிருப்பாள் என்று நினைத்தேன். பிடித்தது நான் என்று நீங்கள் எழுதியதைப் படித்தும் நம்பவில்லை, அண்ணிக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தேன். இடம் தவறாக இருந்தால் திருத்துவது பூச்சி அறையின் வேலை. நான் திருத்தினேன். அதோடு பெருமைப்பட்டேன். ஒரு தபால் கார்டு போட்டு உங்களைக் கேட்டிருக்கலாம். கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

பதினோரு தடவையும் அண்ணன் என் எழுத்தைப் பார்த்துத்தான் அந்தப் பாறைக்குப் போனார். நான் உங்களிடம் கயிற்றைப் பற்றிக் கேட்டேன்.

பொறியாளருக்கான கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முத்திரையோடு, இயக்குநரின் கையெழுத்தோடு. அவரிடம் சீட்டையும் சட்டையையும் காட்டினேன், சீட்டில் இருப்பது யாருடைய சிவப்பு மை என்பதையும் சொன்னேன். விசாரணை இருக்கும். புத்தகம் மே மாதம் அச்சுக்குப் போகாது, நிறுத்திவிட்டேன்.

குறிப்பேடுகள் வேண்டாம். மன்னிப்பு என்ற வார்த்தையை இங்கே எழுதிப் பார்த்தேன், நன்றாக இல்லை, அடித்துவிட்டேன். இந்தத் தடவை நான் எழுதியதை நானே அடித்தேன்.

பாப்பா


ஏப்ரல் 23

பாப்பா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். முந்நூற்றுப் பன்னிரண்டு போர்வை எண்ணினேன். திரும்ப வந்து மறுபடி படித்தேன். என்னை இனி நீங்கள் என்று எழுத வைக்காதே, கோபத்தில் போட்ட மரியாதை அது. நீ என்று திட்டுவதுதான் எனக்கு வசதி.

நீ மன்னிப்புக் கேட்காதது நல்லதாகப் போயிற்று. கேட்டிருந்தால் இல்லை என்று எழுதியிருப்பேன். நான்கு வருடமாக உன் குடும்பத்தில் ஒருத்தர் விடாமல் என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும். காரியத்தன்று நீ என் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போய் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். உன்னிடம் அன்றைக்கே ரோஸ் சீட்டைப் பற்றிக் கேட்டிருப்பேன். கேட்டால் நீ உடைந்துபோவாய் என்று விட்டேன். அது பெரிய மனசு என்று நினைக்காதே. உன்னைத் தண்டிக்க ஒன்று என் கையில் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. அதை வைத்துத்தான் இந்த நான்கு வருடத்தை ஓட்டினேன். உன் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். நாளைக்கும் இருக்கும்.

ஒன்று மட்டும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கயிறு என்னுடையது. அங்கே தட்டான் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் பாறை வழுக்கும் என்பதும் தெரியும். பாறைக்காகப் போயிருக்கலாம், ரோஷத்தில் போகவில்லை. அதை உன் கணக்கில் எழுத மாட்டேன். லேபிள் உன்னுடையது. அதை நீ வைத்துக்கொள்.

பொறியாளர் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "அம்மா, அப்போ நிஜமாவே இருக்கா?" என்றார். இருபதாம் தேதி வேலை தொடங்கிவிட்டது. கால்வாயின் மறுமுனையில் பாதி மூடியாகிவிட்டது. பாய்லர் குழாயிலிருந்து பாறை வரைக்கும் பதினாறு அடி திறந்தே இருக்கும். கம்பி வேலி போட்டுவிட்டார்கள். ஒன்பதாவது இனத்துக்கு உலகத்தில் மிச்சம் இருக்கும் இடம் பதினாறு அடி, உன் வரைபடத்தில் குறித்துக்கொள்.

குறிப்பேடுகளை ஏன் தரவில்லை என்று நீ இன்னும் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். நான்காவதில் கடைசியாக எழுதிய பக்கம், அவர் கிளம்பும் முன்தினம் எழுதியது, அப்படியே எழுதுகிறேன்: "மேல் ஓடை இதுதான் கடைசி. இந்தத் தடவையும் இல்லை என்றால் சலவைக்கூடத்துப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். அவள் சொன்னது சரியாக இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்."

சிரித்துத்தான் இருப்பேன். ஒரு வாரம் விடாமல் சிரித்திருப்பேன். அவர் என்னை நம்பினது இந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. அதைப் பதிவுத் தபாலில் போட எனக்கு மனசு வரவில்லை. இங்கே வந்து என் மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொள், நான்கையும் தருகிறேன்.

மே நான்காம் தேதி வந்துவிடு. காலை ஐந்தரைக்குப் பின்கதவைத் திறப்பேன். ரப்பர் பூட்ஸ் இருக்கிறது, அட்டை கிடையாது, பயப்படாதே. முதலில் உயிரோடு ஒன்றைப் பார். இறக்கை விரிந்து பறந்துபோகட்டும், பிடிக்கக் கூடாது. இரண்டாவதை நான் பிடிக்கிறேன். வலை தைத்துவிட்டேன். ஊசியும் பெட்டியும் நீ கொண்டுவா. லேபிளை நான் எழுதுவேன்.

சிவப்புப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அண்ணி